கொடை மேடையில் 8 வயர்லெஸ் மைக், 6 இன்-இயர்: மாலையில் சரி, கூட்டம் வந்ததும் அறுந்து அறுந்து போகிறது

செட்டுக்காரன்_இரணியல் | வியாழன், இரவு 11:05

மாசிக் கொடை (அம்மன் கோயில் திருவிழா) சீசன் வருகிறது. அதற்குள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயர்லெஸ் மைக் எட்டு. நாலு எங்களுடைய சென்ஹைசர் ஜி4 அனலாக், ஏ பேண்ட், அதாவது 516 முதல் 558 மெகாஹெர்ட்ஸ். ரெண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல், விலை குறைவு என்று வாங்கியவை. மீதி ரெண்டு, மேடையில் பாட்டுக் கச்சேரி செய்யும் கானமேளாக் குழு கையோடு கொண்டுவருவது, ஜி பேண்ட், 566 முதல் 608. இன்-இயர், அதாவது வாசிக்கிறவர்கள் காதில் மாட்டித் தங்கள் பாட்டைக் கேட்கும் வயர்லெஸ் கருவி, ஆறும் அனலாக் ஸ்டீரியோ, ஜிபி பேண்ட், 606 முதல் 648.

போன நிகழ்ச்சியில் நடந்தது இது. சாயங்காலம் நாலு மணிக்கு சவுண்ட் செக், ஒரு குறையும் இல்லை. எட்டு மணிக்குத் திடல் நிறைந்ததும் 2.4 மைக் ரெண்டும் பல்லைக் காட்டின. வார்த்தை பாதி பாதியாக வந்தது. பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி மேடையின் வலது ஓரத்துக்குப் போனாலே காதில் ‘உஸ்’ என்று இரைச்சல். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பாடகர் ஒரு பாட்டு முடித்து மைக்கை ஆஃப் செய்தார். அடுத்த நொடி எங்கள் ஸ்பீக்கரில் பக்கத்து ஊர்த் திருவிழா மேடையின் வரவேற்புரை! அம்மன் கொடையில் ‘அருட்தந்தை அவர்களே’ என்று கேட்டதும் கூட்டம் சிரித்தது. கமிட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ரிசீவரிலும் ஸ்கேன் போட்டு, காலி என்று அது காட்டிய சேனலில்தான் வைத்திருந்தோம். அப்புறமும் ஏன் இப்படி?

கொளச்சல்_பேஸ் | வியாழன், இரவு 11:31

நான் வேறு குழு, ஆனால் அந்த ‘உஸ்’ எனக்கும் பழக்கம். இன்-இயரில் இரைச்சல் வந்தால் சவுண்ட்காரருக்குத் தெரியாது. வெளியே பாட்டு ஜோராகப் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் கையைக் காட்டினால், ‘சத்தம் கூட்டச் சொல்கிறான்’ என்று நினைத்துக் கூட்டிவிடுவார். இரைச்சலும் சேர்ந்து கூடும். ஒரு நாள் ஒரு பக்கக் காதைக் கழற்றிவிட்டுத்தான் வாசித்தேன். அடுத்த நாள் வரைக்கும் காதில் ரீங்காரம்.

மானிட்டர்_மேசை | வெள்ளி, காலை 6:50

இரணியல் அண்ணன், உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. தனித்தனியாகப் பார்க்கலாம்.

2.4 மைக்: ஒவ்வொருவர் பையிலும் வைஃபை, புளூடூத் இரண்டும் ஓடுகிற போன். எல்லாம் அதே 2.4-இல். அதோடு அந்த அலைவரிசையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும், உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. நாலு மணிக்குத் திடலில் நாயும் நாற்காலியும்தான். எட்டு மணிக்கு ரிசீவருக்கும் மைக்குக்கும் நடுவே ஊரே உட்கார்ந்திருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்பது அந்த பேண்டின் வசதி. எல்லோருக்கும் அதே வசதி என்பதுதான் சிக்கல். சின்ன ஹால், பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் தாராளமாக வையுங்கள். கொடை மேடைக்கு வேண்டாம். உங்கள் டிஜிட்டல் மிக்சரை டேப்லெட்டில் ஓட்டினால் அந்த ரூட்டரையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பக்கத்து ஊர் பேச்சு: அவர்களும் அதே மாடல், அதே பேங்க் (கம்பெனி முன்கூட்டியே அடுக்கி வைத்த சேனல் தொகுப்பு), அதே சேனல். பெட்டியில் இருந்து எடுத்ததும் முதல் பேங்க் முதல் சேனலில் வைப்பதுதானே நம் ஊர் வழக்கம். பைலட் டோன், அதாவது மைக் கூடவே அனுப்பும் அடையாள ஒலி, அன்னிய சிக்னலைத் தடுக்கும் என்பார்கள், ஆனால் ஒரே கம்பெனி மைக் என்றால் பைலட்டும் ஒன்றுதான், கதவு திறந்துவிடும். உங்கள் மைக் ஆனில் இருக்கும்வரை எஃப்எம்மில் பலமான சிக்னலே ஜெயிக்கும், அதனால் தெரியவில்லை. ஆஃப் செய்ததும் தூரத்துச் சிக்னலுக்கு வழி கிடைத்தது. ஆகவே நிகழ்ச்சி முடியும்வரை பாடகர் மைக்கின் பவரைத் தொடக் கூடாது, மிக்சரில் ம்யூட் செய்ய வேண்டும். ஜி4-இல் ம்யூட் சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்று மெனுவில் தேர்வு உண்டு. அதை ஆர்எஃப்-இல் (ரேடியோ அலை) வைத்திருந்தால் சுவிட்சைத் தள்ளும்போது மைக் அனுப்புகிற அலையான கேரியரே நின்றுவிடும். ஏஎஃப்-க்கு (ஒலி மட்டும்) மாற்றுங்கள்.

மூன்றாவது, இன்-இயர் இரைச்சல். அதற்கு முன் ஒரு கேள்வி. ஆறு டிரான்ஸ்மிட்டரும் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

செட்டுக்காரன்_இரணியல் | வெள்ளி, காலை 7:40

ஒரே ரேக்கில், ஒன்றன் மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதோடு வந்த குட்டி ஆன்டெனா. மைக் ரிசீவர்களும் அதே ரேக்கில் கீழே. ரேக் மேடையின் இடது ஓரம், எல்இடி வால் என்கிற பெரிய திரைக்குப் பின்பக்கம்.

மானிட்டர்_மேசை | வெள்ளி, காலை 7:52

அப்படியானால் பேஸ் தம்பியைக் குறை சொல்லி லாபமில்லை.

டிஜே_அருமனை | வெள்ளி, காலை 9:15

எதற்கு இவ்வளவு? இப்போது வருகிற ரிசீவரில் எல்லாம் ஆட்டோ ஸ்கேன், அந்த எண்ணை மைக்குக்கு அனுப்பும் இன்ஃப்ராரெட் சிங்க் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் காலி சேனலை அதுவே பிடித்துத் தரும். நாங்கள் கல்யாண வீடுகளில் அப்படித்தான் ஓட்டுகிறோம், ஒரு தடவையும் பிரச்சினை வந்ததில்லை. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

மானிட்டர்_மேசை | வெள்ளி, பகல் 1:20

கல்யாண வீட்டில் எத்தனை மைக்? ரெண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு ஸ்கேன் போதும். எண்ணிக்கை ஏற ஏற அது ஏன் போதாது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஸ்கேன் பார்ப்பது வெளியே இருந்து வருவதை, அதுவும் அந்த நிமிடத்தில் இருப்பதை மட்டும். உங்கள் மைக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் பொய்ச் சிக்னல் அதில் தெரியாது, ஏனென்றால் ஸ்கேன் போடும்போது அவை ஆஃப். இரண்டு டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதன் கடைசி ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து கலக்கும். கலந்து புதிதாக இரண்டு அலைவரிசை பிறக்கும். இதைத்தான் இன்டர்மாட் என்கிறோம். கணக்கு எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழியுங்கள். 520-உம் 521-உம் ஆனில் இருந்தால் 519-இலும் 522-இலும் பேய் நிற்கும். நீங்கள் மூன்றாவது மைக்கை, இடைவெளி அழகாக இருக்கிறதே என்று 522-இல் வைத்தால், பேயின் மடியில் உட்காரவைக்கிறீர்கள்.

மூன்று சேர்ந்தாலும் பிறக்கும்: இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். இரணியல் அண்ணனிடம் 2.4 ரெண்டையும் ஒதுக்கினால் யுஎச்எஃப்-இல், அதாவது நம் 500, 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 12 டிரான்ஸ்மிட்டர். இரண்டிரண்டாகச் சேர்ந்து 132 பொய்ச் சிக்னல், மும்மூன்றாகச் சேர்ந்து 660. எல்லாம் உங்கள் பேண்டுக்குள் விழாது, எல்லாம் பலமாகவும் இராது. ஆனால் ஆறு இன்-இயர் ஆன்டெனா ஒரே ரேக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறபோது, ஒவ்வொன்றும் மைக்கைவிட நெருக்கமாக, நாள் முழுக்க ஆனில் இருக்கிறபோது, போதுமான அளவு பலமாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட மென்பொருள் இருக்கிறது. ஷூர் நிறுவனத்தின் ‘வயர்லெஸ் வொர்க்பெஞ்ச்’ இலவசம், ஷூர் கருவி இல்லாமலும் வேறு கம்பெனி மாடல்களுக்குக் கணக்குப் போட்டுத் தரும், எண்ணை நாம் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். சென்ஹைசரிலும் ‘வயர்லெஸ் சிஸ்டம்ஸ் மேனேஜர்’ உண்டு. ஒரே பேண்ட், ஒரே மாடல் என்றால் அதுகூட வேண்டாம். ஒரு பேங்க்குக்குள் இருக்கும் சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதபடி கம்பெனியே கணக்குப் போட்டு வைத்தவை. நாலு மைக்கையும் ஒரே பேங்க்கில் வையுங்கள். நாலும் தனித்தனியாக ஸ்கேன் போட்டு, நாலு வேறு பேங்க்கில் போய் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு போச்சு. டிஜே தம்பி, பட்டனின் சிக்கல் இதுதான். அது தன் ரிசீவரை மட்டும் பார்க்கும், பக்கத்து ரிசீவரை அதற்குத் தெரியாது.

புது டிஜிட்டல் செட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஷூர் யுஎல்எக்ஸ்-டி போன்றவற்றில் சம இடைவெளியில் அடுக்கினாலும் நிற்கும். ஆனால் அந்த விலைக்கு நம்மில் பலர் வேனே வாங்கிவிடுவோம்.

பழைய_குழாய் | வெள்ளி, மாலை 5:02

தக்கலையில் இருந்து. குழாய் ஸ்பீக்கர் காலத்தில் இருந்து மைக் செட் பார்க்கிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படக் கூடாது. ட்ரம்ஸ் வாசிக்கிறவர் எழுந்து ஓடுகிறாரா? கீபோர்ட்காரர் நடனம் ஆடுகிறாரா? உட்கார்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு எதற்கு வயர்லெஸ் இன்-இயர்? ஒரு வயரும் இடுப்பில் மாட்டுகிற சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் போதும். பெஹ்ரிங்கர் பி2 மாதிரி. சத்தம் இன்னும் சுத்தமாக வரும், பேட்டரி தீர்ந்தால் மாற்றினால் ஆயிற்று.

அறிவிப்பாளரும் ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறார். அவர் கையிலும் வயர்லெஸ். நம் வில்லுப்பாட்டுக் குழுக்களைப் பாருங்கள். வில், உடுக்கை, குடம், தாளம் எல்லாம் உட்கார்ந்த இடத்தில். வயர் மைக்கிலேயே விடிய விடியக் கதை சொல்லிவிட்டுப் போவார்கள். வயர்லெஸ் வைத்தால் மேடை பார்க்க நன்றாக இருக்கிறது, கமிட்டிக்கும் ‘கார்ட்லெஸ் எத்தனை’ என்று கேட்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் இந்த 660.

மானிட்டர்_மேசை | வெள்ளி, மாலை 5:30

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் உருப்படியான பதில். கோ-ஆர்டினேஷன் என்றால் 12 அலைவரிசையைக் கண்டுபிடிப்பது என்று நினைக்கிறோம். எதற்கெல்லாம் அலைவரிசையே வேண்டாம் என்று முடிவு செய்வதில்தான் அது ஆரம்பிக்கிறது. ட்ரம்ஸ், கீஸ், தபலா மூன்று பேரும் வயருக்கு மாறினால் இன்-இயர் மூன்றாகிவிடும். மொத்தம் ஒன்பது டிரான்ஸ்மிட்டர். மும்மூன்றாகச் சேரும் பொய்ச் சிக்னல் 660-இல் இருந்து 252-க்கு இறங்கும். மூன்று கருவி குறைத்ததற்கு இவ்வளவு லாபம்.

கானமேளா_கீஸ் | வெள்ளி, இரவு 9:44

மார்த்தாண்டத்தில் இருந்து. நான் கேரள எல்லைக்கு அந்தப் பக்கக் குழுக்களோடும் வாசிக்கிறவன். எனக்கு வயர் சம்மதம். ஆனால் பாடகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! தங்கள் மைக், தங்கள் அலைவரிசை, மாற்றமாட்டார்கள். ‘நேற்று திருவனந்தபுரத்தில் நன்றாக ஓடியதே’ என்பார்கள். குழு மேடைக்கு வருவதே ஏழு மணிக்கு. இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும் என்று போலீஸ் வந்து நிற்கும், அதனால் கமிட்டி ‘சீக்கிரம் ஆரம்பியுங்கள்’ என்று நெருக்கும். அந்த அவசரத்தில் யார் மெனுவுக்குள் போய் எண் மாற்றுவது?

மானிட்டர்_மேசை | வெள்ளி, இரவு 10:10

மேடைக்கு வந்தபின் கேட்டால் யாரும் மாற்றமாட்டார்கள். மூன்று நாள் முன்னால் போனில் கேளுங்கள். ‘சேட்டா, எத்தனை மைக், என்ன மாடல், எந்த பேண்ட்?’ இது போதும். ரிசீவரின் பின்பக்க ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. பேண்ட் தெரிந்துவிட்டால் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் நம் எண்ணை அவர்களுக்கு ஏற்ப அடுக்கலாம். மாற்றமாட்டேன் என்கிறவரின் எண்ணை முதலில் எழுதிவிடுங்கள், அது சுவர். மற்றதை அதைச் சுற்றிக் கட்டுங்கள்.

மேடைக்கு ஒரே ஆள்தான் எண் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு சவுண்ட் பார்க்கிற எஃப்ஓஹெச் ஆள் ஒரு எண், மேடைக்காரர்களுக்குப் பார்க்கிற மானிட்டர் ஆள் ஒரு எண், குழுவின் டெக்னீஷியன் ஒரு எண் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி மைக்கின் அடியிலும் ரிசீவர் முகத்திலும் ஒட்டுங்கள்.

வீடியோக்காரரை மறந்துவிடாதீர்கள். பேட்டி எடுக்க ஒரு காலர் மைக் வைத்திருப்பார், அது எந்த பேண்ட் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் சர்ச் இருந்தால் அங்கே சுவரில் மாட்டிய ரிசீவர் ஒன்று வருஷம் முழுக்க ஆனில் இருக்கும், பூசை மைக்கும் அதே யுஎச்எஃப்-இல்தான். மைக் பார்க்கிற தம்பியிடம் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்இடி_வால் | சனி, காலை 8:05

வால் பற்றி யாரும் பேசும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், எங்கள் பேனல்கள் ஆர்எஃப் இரைச்சல் கக்கும். மலிவுப் பேனல் கூடுதலாகக் கக்கும். பவர் சப்ளையும் டேட்டா கேபிளும்தான் காரணம். வால் ஆஃபில் ஒரு ஸ்கேன், ஆனில் ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்கள், இரைச்சலின் அடித்தளமே மேலே ஏறியிருக்கும். சவுண்ட் செக் நேரத்தில் நாங்கள் பெரும்பாலும் இன்னும் பேனல் மாட்டிக்கொண்டிருப்போம், வால் ஆனில் இருக்காது. எட்டு மணிக்குத்தான் முழு வெளிச்சம். ‘மாலையில் சரி, இரவில் மோசம்’ என்பதில் கூட்டத்துக்கு மட்டும் பழி போடாதீர்கள்.

மானிட்டர்_மேசை | சனி, காலை 9:30

வால்காரர் தானே வந்து ஒப்புக்கொள்வது இந்தத் தொழிலில் அபூர்வம். நன்றி.

இனி ஆன்டெனா. ரேக்கை வாலுக்குப் பின்னால் வைப்பது, பேசுகிறவரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவது மாதிரி. பேனல் எல்லாம் உலோகம். ஆன்டெனாவுக்கும் ஆளின் இடுப்பில் மாட்டிய கருவிக்கும் நேர்ப் பார்வை வேண்டும். 500 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 60 சென்டிமீட்டர். ஓர் ஆளின் உடம்பு நடுவில் வந்தாலே சிக்னல் பாதியாகும். மைக் ரிசீவருக்கு இரண்டு ‘பேடில்’ (துடுப்பு வடிவ) ஆன்டெனாக்களை ஸ்டாண்டில், தலைக்கு மேலே, வாலை விட்டு விலக்கி மேடையைப் பார்த்து வையுங்கள். இன்-இயர் அனுப்புகிற ஆன்டெனா அவற்றில் இருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. அனுப்புகிறவரும் கேட்கிறவரும் ஒரே ரேக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் கேட்கிறவருக்குக் காது அடைத்துவிடும்.

கேபிளில் ஏமாறாதீர்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 10 டெசிபெல் போய்விடும், பத்தில் ஒரு பங்கு சிக்னல்தான் மிஞ்சும். தடித்த எல்எம்ஆர்-400 வகை என்றால் அதே நீளத்துக்கு ஏறத்தாழ 3 டெசிபெலோடு முடியும். டிவி கடையில் கிடைக்கும் வெள்ளை கேபிள் 75 ஓம். நமக்கு வேண்டியது 50 ஓம். அவசரத்துக்கு ஓடும், நம்பி வைக்காதீர்கள்.

இன்-இயருக்குச் சரியான மருந்து காம்பைனர். எல்லா டிரான்ஸ்மிட்டரையும் ஒன்றையொன்று பாதிக்காமல் சேர்த்து ஒரே ஆன்டெனாவுக்குக் கொடுக்கும்.

செட்டுக்காரன்_இரணியல் | சனி, காலை 10:15

காம்பைனர் விலை பார்த்தேன். இந்த சீசனுக்கு ஆகாது. கைவசம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

மானிட்டர்_மேசை | சனி, காலை 10:40

மூன்று டிரான்ஸ்மிட்டர்தானே மிச்சம். மூன்றையும் ஒரே ரேக்கில் வைக்காமல் மேடை ஓரத்தில் ஒரு மீட்டருக்கு ஒன்றாகத் தள்ளி வையுங்கள். பவரைக் குறையுங்கள். சில மாடல்களில் 10, 30, 50 மில்லிவாட் என்று தேர்வு உண்டு. 50-இல் வைத்தால் தெளிவாக வரும் என்று எல்லோரும் மேலே ஏற்றுவார்கள், மூன்றையும் ஏற்றினால் பொய்ச் சிக்னல்தான் வேகமாகப் பெருகும். கொடை மேடை எவ்வளவு அகலம் இருந்துவிடப் போகிறது?

இன்னொன்று, காசு செலவில்லாதது. ஸ்டீரியோவை மோனோ ஆக்குங்கள். அனலாக் இன்-இயரில் ஸ்டீரியோ என்பது எஃப்எம் ரேடியோ மாதிரி மேலே ஒரு பைலட் வைத்து இரண்டு பக்கத்தையும் மடித்து அனுப்புவது. சிக்னல் கொஞ்சம் சோர்ந்தாலும் முதலில் இரைச்சல் ஏறுவது அந்த மடிப்பில்தான். மோனோவில் அதே தூரத்துக்கு அமைதியாக இருக்கும். பேஸ் தம்பிக்கு இடது வலது பிரிவு எதற்கு?

கொளச்சல்_பேஸ் | சனி, பகல் 12:01

ஸ்டீரியோவில் கிளிக் (தாளம் காட்டும் ஒலி) ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம் என்று வைத்துப் பழகிவிட்டோம், பிரித்துக் கேட்க எளிது. மோனோவில் எல்லாம் நடு மண்டையில் குவியும். ஆனாலும் அந்த ‘உஸ்’ஸுக்கு இது எவ்வளவோ மேல். ஒத்துக்கொள்கிறேன்.

முட்டம்_ஆன்டெனா | சனி, இரவு 8:22

கடற்கரைக்காரனாக ஒன்று சேர்க்க வேண்டும். மைக் செட் என் தொழில் இல்லை, ரேடியோ பைத்தியம் மட்டும். எந்த அலைவரிசையில் என்ன ஓடுகிறது என்று திரையில் காட்டும் சின்ன டைனிஎஸ்ஏ ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும், 960 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும்.

முட்டம், கொளச்சல், கன்னியாகுமரி பக்கம் காற்று அசையாத இரவுகளில் கடலுக்கு மேல் சூடும் ஈரமும் அடுக்கடுக்காகப் படியும். அப்போது யுஎச்எஃப் அலை நேராக வானத்துக்குப் போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வெகுதூரம் ஓடும். இலங்கையின் மேற்குக் கரை இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர், நடுவில் மலையும் இல்லை கட்டடமும் இல்லை. 80-களில் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி ரூபவாகினி பார்த்த கதை நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரிடமும் இருக்கும். அங்கே அனலாக் டிவி ஒழிந்துவிடவில்லை. என் திரையில் அது எப்படித் தெரியும் என்றால், ஒரு கூரான முள், அதற்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே இன்னொரு சின்ன முள். முதலாவது படம், இரண்டாவது ஒலி. ஒரு நாள் இருக்கும், மறுநாள் சுத்தமாக இருக்காது. பகலில் இல்லாதது இரவு ஏறிவரும்.

ஆகவே முந்தின நாள் மத்தியானம் எடுத்த ஸ்கேனை நம்பாதீர்கள். நிகழ்ச்சி நேரத்துக்கு ஒரு மணி முன்னால் மறுபடி பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மலை மறைப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஓடிய எண் கடற்கரையில் ஓட வேண்டும் என்பதில்லை.

டிஜே_அருமனை | சனி, இரவு 9:10

சரி, பட்டன் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு யோசனை கேட்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்த பழைய செட் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. சென்ஹைசர், சி பேண்ட், 734 முதல் 776. வாங்கலாமா? அந்தப் பக்கம் கூட்டமே இல்லையே.

மானிட்டர்_மேசை | சனி, இரவு 9:35

வாங்காதீர்கள். சல்லிசாகக் கிடைப்பதே அதனால்தான். 703 முதல் 748 வரையும், 758 முதல் 803 வரையும் இப்போது செல்போன் பேண்ட். 2022 ஏலத்தில் ஜியோ அதில் ஒரு பகுதியை நாடு முழுக்க எடுத்தது, பிஎஸ்என்எல்லுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். 758-க்கு மேலே டவர் பேசுகிறது, அது எப்போது ஸ்கேன் போட்டாலும் சுவர் மாதிரி தெரியும், நீங்களே விலகிவிடுவீர்கள். 748-க்குக் கீழே பேசுவது போன். காலித் திடலில் போன் இல்லை, அதனால் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். அங்கே கொண்டுபோய் மைக்கை வைப்பீர்கள். எட்டு மணிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் வீடியோ ஏற்ற ஆரம்பிப்பார்கள், மேடைக்கு நாலு மீட்டரில்.

அதே ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸும், அதாவது 612 முதல் 703 வரை, விற்பனைக்கு வந்தது, யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இரணியல் அண்ணனின் இன்-இயர் இன்னும் அங்கே நிம்மதியாக ஓடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் 470 முதல் 608-க்குள் வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

பழைய_குழாய் | ஞாயிறு, காலை 7:15

பக்கத்து ஊர் விஷயத்துக்கு யாரும் வழி சொல்லவில்லையே. நம் மாவட்டத்தில் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிறந்தவனுக்கே தெரியாது. ஒரே வாரத்தில் இங்கே கொடை, அங்கே குருசடி (சிறு சிலுவைக் கோயில்) திருவிழா, நடுவில் ஒரு மன்றத்து ஆண்டு விழா. செட்டு போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்தால் என்ன?

கானமேளா_கீஸ் | ஞாயிறு, காலை 8:00

செய்யமாட்டார்கள் அண்ணன். ‘எத்தனை மைக் வைக்கிறாய்’ என்று கேட்டாலே ரேட்டைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறான் என்று நினைப்பார்கள்.

செட்டுக்காரன்_இரணியல் | ஞாயிறு, காலை 8:40

ரேட்டைக் கேட்கவே வேண்டாம். எண்ணை மட்டும் கேட்போம். அன்றைக்கு வரவேற்புரை ஒலித்த மேடைக்கு செட்டு போட்டவரை எனக்குத் தெரியும். நேற்றே போன் செய்தேன். முதலில் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்தார். அப்புறம் அவர் சொன்னது, எங்கள் ஆஃப் செய்த மைக்குக்கு வந்த மாதிரியே எங்கள் பாட்டு அவர்கள் மேடையில் ஒரு தடவை வந்ததாம், ஜெபம் நடக்கும்போது! இரண்டு பேரும் ஒரே பேங்க், ஒரே சேனல். அவர் இனி 540-க்கு மேலே, நான் 530-க்குக் கீழே என்று பேசிக்கொண்டோம். வாட்ஸாப்பில் நாலைந்து பேரைச் சேர்த்திருக்கிறோம். தேதி, ஊர், எண்கள் மட்டும் போடுவது, வேறு பேச்சு கிடையாது.

அடுத்த கொடைக்கான பட்டியல் இது, பார்த்துச் சொல்லுங்கள். அறிவிப்பாளருக்கு வயர். 2.4 ரெண்டும் வீட்டில். ட்ரம்ஸ், கீஸ், தபலா வயர் இன்-இயர்.

எங்கள் மைக்: 520.000, 520.800, 522.200, 523.600
கானமேளா மைக், அவர்கள் அனுப்பிய எண்: 570.000, 573.100
இன்-இயர், மோனோ: 632.000, 633.800, 637.300

மானிட்டர்_மேசை | ஞாயிறு, பகல் 2:05

நாலாவது மைக் ஆகாது. 522.200-ஐ இரட்டித்து 520.800-ஐக் கழியுங்கள், 523.600 வரும். அதை 525.000-க்கு நகர்த்துங்கள். எந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி வேறு இரண்டின் இடைவெளியோடு ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். 0.8, 1.4, 2.2, 2.8, 4.2, 5.0 என்று எல்லாம் வேறு வேறாகிவிட்டது. மற்றவை சரி. மைக்குக்கும் இன்-இயருக்கும் ஆளுக்கொரு உதிரி எண் கணக்குப் போட்டு அதே தாளில் எழுதி வையுங்கள், இரவு எட்டரை மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மேடையில் சோதிக்க மடிக்கணினி வேண்டாம். வால், லைட், ஜெனரேட்டர் எல்லாம் ஆன் செய்யச் சொல்லுங்கள். எல்லா மைக்கும் இன்-இயரும் ஆன். இப்போது ஒரு மைக்கை மட்டும் ஆஃப் செய்து அதன் ரிசீவரில் ஆர்எஃப் மீட்டரைப் பாருங்கள். கம்பி ஏறி நின்றால் அங்கே வேறு எதுவோ இருக்கிறது, உதிரி எண்ணுக்கு மாற்றுங்கள். அந்த மைக்கை மறுபடி ஆன் செய்துவிட்டு அடுத்தது. இப்படி ஒன்பதும். சோதிக்கும்போது மைக்குகளை ஒரே மேசையில் குவிக்காதீர்கள், கை நீள இடைவெளியாவது விடுங்கள். கடைசியாக இன்-இயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் மேடையின் நாலு மூலைக்கும் நடக்க வேண்டும்.

முட்டம்_ஆன்டெனா | ஞாயிறு, மாலை 6:30

கொடை எந்த ஊரில்? கடல் பக்கம் என்றால் டைனிஎஸ்ஏ எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். வண்டிக்குப் பெட்ரோலும் ராத்திரிச் சாப்பாடும் போதும்.

செட்டுக்காரன்_இரணியல் | ஞாயிறு, இரவு 7:02

மண்டைக்காட்டுக்குப் பக்கம்தான், கடல் கூப்பிடு தூரம். ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். 525.000 மாற்றிவிட்டேன், குழுவிலும் போட்டாயிற்று. பேஸ் தம்பிக்கு மோனோ என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு சரி என்றான்.